மண்ணில் காசு தேட ஒரு எவர்சில்வர் கைக்கொத்து: வடசென்னைப் பட்டறையில் செய்துகொள்வது எப்படி?

மெட்டல் டிடெக்டர் வாங்க நினைப்பவர் மாதக்கணக்கில் மாடல்களை அலசுவார். எதைக் கொண்டு தோண்டப் போகிறீர்கள் என்று கேட்டால் வீட்டில் கிடக்கும் கொத்தனார் கரண்டியைக் காட்டுவார். நடுத்தர விலையில் கிடைக்கும் டிடெக்டர்கள் நாணய அளவுள்ள பொருளை 15 முதல் 20 செ.மீ. ஆழம் வரை காட்டும். கிட்டத்தட்ட ஒரு சாண். அந்த ஒரு சாண் மண்ணைக் கிளறி, பொருளைக் கீறாமல் எடுத்து, குழியைப் பழையபடி மூடுவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் முக்கால்வாசி வேலை. கொத்தனார் கரண்டி கலவை அள்ளப் பிறந்தது. காய்ந்த களிமண்ணில் நெம்பினால் கழுத்தில் மடங்கிவிடும். நர்சரிகளில் விற்கும் தோட்டக் கரண்டியும் அப்படித்தான்.

இதற்கென்றே கையால் செய்த எவர்சில்வர் கருவிகள் வெளிநாடுகளில் விற்கின்றன. ஒரு ஆள், ஒரு பட்டறை என்று சிறிய அளவில் செய்கிறார்கள். அருமையான பொருட்கள்தான். ஆனால் அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்தால் டிடெக்டர் விலையில் பாதி வந்துவிடும். வடசென்னையில் இருப்பவர் அதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. மண்ணடி செம்புதாஸ் தெருவில் பைப்பும் ஷீட்டும் கிடைக்கும். ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் கைப்பிடிக் கம்பி, கேட், ஓட்டல் அடுப்படிச் சாமான் செய்கிற ஆர்கான் வெல்டிங் (ஆர்கான் வாயுப் போர்வையில் பற்றவைக்கும்) பட்டறைகள் இருக்கின்றன. என்ன வேண்டும் என்று சரியாகச் சொல்லத் தெரிந்தால் போதும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

முதலில் எங்கே தோண்டுவீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

மண்ணைப் பொறுத்துக் கருவி மாறும். கடற்கரை மணலுக்குச் சல்லடை வேண்டும், முனை தேவையில்லை. புழல், மாதவரம் பக்கத்துக் களிமண் கோடையில் இறுகிப் போனால் முனை இல்லாமல் உள்ளே இறங்காது. ஊருக்குள் பழைய வீடு இடித்த மனை என்றால் செங்கல் துண்டும் சுண்ணாம்புக் காரையும்தான் கையில் தட்டும். அங்கே அலகு தடிமனாக இருக்க வேண்டும்.

மண்ணுக்கு முன்னால் சட்டம். இதை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 10 ரூபாய் என்பது அன்றைய கணக்கு; தொகை மாறவில்லை. தெரிவிக்காமல் வைத்துக்கொண்டால் உங்களுக்குச் சேர வேண்டிய பங்கும் போகும், ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. 100 ஆண்டுக்கு மேல் பழமையான நாணயம், சிலை, கலைப்பொருள் என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் வந்து சேரும். காலணா கிடைத்தால் துள்ளுவதற்கு முன் ஆண்டைப் பாருங்கள்.

தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களை நினைக்கவே வேண்டாம். புனித ஜார்ஜ் கோட்டையும் பழவேற்காட்டு டச்சுக் கல்லறையும் அந்தப் பட்டியலில் உள்ளவை. சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு வெளியே இன்னொரு 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. துறைமுக எல்லை, ரயில்வே நிலம், கோயில் நிலம் ஆகியவற்றிலும் வேலை இல்லை. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக மண்ணுக்கடியில் எண்ணெய்க் குழாய்கள் போகின்றன; மின்சாரக் கேபிள்களும் போகின்றன. தெருவோரத்தில் டிடெக்டர் சத்தம் கொடுத்தாலும் கொத்தை எடுக்காதீர்கள்.

மிச்சம் என்ன? தனியார் நிலம்தான். உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கிடைப்பதை என்ன செய்வது என்றும் அப்போதே பேசிவிடுங்கள். கடற்கரை என்றால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது. கேட்காமல் காதில் ஹெட்போனோடு மணலைத் தடவிக்கொண்டு நடந்தால் பார்க்கிறவர்கள் கதை கட்டிவிடுவார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கரையேறி முட்டையிடும் காலம். முட்டைகள் அரை மீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கும். அந்த மாதங்களில் காய்ந்த மேல்மணலைத் தோண்டாதீர்கள். இரவில் டார்ச்சோடு போகவே போகாதீர்கள். அந்த முட்டைக்கு வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பு இருக்கிறது.

எந்த எவர்சில்வர்?

கடையில் "எஸ்.எஸ். பைப் குடுங்க" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் 202 தான் கைக்கு வரும். மாடிக் கைப்பிடிகளுக்குப் போகிற மலிவு ரகம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியது. பார்க்கப் பளபளவென்று 304 மாதிரியே இருக்கும். காசிமேடு, ராயபுரம் பக்கம் கடலைப் பார்த்த வீடுகளின் கைப்பிடிக் கம்பிகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மடக்கிலும் பற்றவைப்பிலும் பழுப்புப் புள்ளிகள் கிளம்பியிருந்தால் பெரும்பாலும் அது இந்த ரகம்தான்.

உங்களுக்கு வேண்டியது 304. ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். உப்புக் காற்றைத் தாங்கும். உப்புத் தண்ணீரிலேயே கிடக்கப் போகிற கருவிக்கு 316 இன்னும் நல்லது. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது. ஆனால் விலை ஏறும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவும் பழக்கம் உள்ளவருக்கு 304 போதும் என்பது என் கருத்து. அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு 316ம் நாளாக நாளாகக் கறை பிடிக்கும்.

காந்தம் வைத்துப் பார்த்து வாங்கலாம் என்று சொல்வார்கள். 304ம் காந்தத்தில் ஒட்டாது, 202ம் ஒட்டாது. காந்தம் ஒட்டினால் அது 400 வரிசை எவர்சில்வர் (வேறொரு ரகம்) என்று தெரியுமே தவிர, 202ஐக் காட்டிக்கொடுக்காது. இதற்கு வியாபாரிகளிடம் ஒரு சோதனைச் சொட்டு இருக்கும். உலோகத்தின் மேல் ஒரு துளி விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொட வைத்தால் 202 சட்டென்று சிவந்துவிடும். கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள், நல்ல கடை என்றால் உங்கள் முன்னாலேயே போட்டுக் காட்டுவார். பில்லில் 304 என்று எழுதி வாங்குவதும் முக்கியம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 304ஐச் சூடேற்றி நீரில் தோய்த்துக் கடினப்படுத்த முடியாது. கல்லில் மோதினால் முனை மழுங்கும், மடங்கும். உடைய மட்டும் செய்யாது. கடற்கரைப் பக்கமே போகாமல் செங்குன்றம் சரளை மண்ணில் மட்டும் தோண்டுபவர் என்றால், லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துத் தரும் கொத்துதான் கூர்மையிலும் உறுதியிலும் மேல், விலையும் குறைவு. எண்ணெய் தடவி வைக்க வேண்டும், அவ்வளவுதான். கத்திக்குப் போகிற 420 ரகத்தைக் கடினப்படுத்தலாம். ஆனால் அதைப் பற்றவைத்தால் பற்றிய இடம் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். சாதாரணப் பட்டறை வேலைக்கு அது வேண்டாம்.

அட்டையில் வெட்டிப் பாருங்கள்

முதல் கருவியாகக் கைக்கொத்து ஒன்றே போதும். நீளக் கைப்பிடி மண்வாரி, பெரிய சல்லடை எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

கொத்தின் அலகு தட்டையாக இருக்கக் கூடாது. லேசாகக் குழிந்திருக்க வேண்டும். குழிவு இருந்தால்தான் மெல்லிய தகடும் நெம்பும்போது மடங்காமல் நிற்கும், மண்ணும் அதில் அள்ளி வரும். தகட்டை வளைக்க பிரெஸ் உள்ள பட்டறை தேட வேண்டுமே என்று யோசிக்காதீர்கள். பைப்பையே நீளவாக்கில் அறுத்தால் வளைவு இலவசம்.

கடையில் இப்படிக் கேளுங்கள்: "முன்னூத்தி நாலு, ரெண்டு இஞ்ச் என்.பி., ஷெட்யூல் பத்து". என்.பி. என்பது பைப்பின் பெயரளவு, ஷெட்யூல் என்பது சுவர் தடிமன் வரிசை. இந்த பைப்பின் வெளிவிட்டம் 60.3 மி.மீ., சுவர் தடிமன் 2.77 மி.மீ. கைப்பிடிக் கம்பிக்குப் போகிற அலங்கார பைப் பெரும்பாலும் ஒன்றரை மி.மீ. சுற்றித்தான் இருக்கும்; அது இதற்கு ஆகாது. 18 செ.மீ. நீளத் துண்டு ஒன்றை நீளவாக்கில் மூன்றாக அறுத்தால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 செ.மீ. அகலமும் ஒன்றரை செ.மீ. குழிவும் உள்ள அலகாக வரும். ஒரே துண்டில் மூன்று கொத்து. நண்பர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டால் செலவு பங்காகிவிடும். துண்டாக வாங்கும்போது விலை எடைக் கணக்குதான். மீதித் துண்டு கிடந்தால் கடைக்காரர் குறைத்தும் தருவார்.

அலகின் கீழ்ப் பாதி இரு பக்கமும் குறுகி, கட்டைவிரல் அகலத்துக்கு மழுங்கிய முனையாக முடியட்டும். ஊசி முனை வேண்டாம். அது முதல் கல்லிலேயே சுருண்டுவிடும், போதாக்குறைக்கு உள்ளே இருக்கும் நாணயத்தைக் கீறும். பழைய நாணயத்தின் முகத்தில் ஒரு புதுக் கீறல் விழுந்தால் சேகரிப்பவர்களிடம் அதன் மதிப்பு பாதாளத்துக்குப் போய்விடும்.

வேர் அறுக்க ஓரத்தில் ரம்பப் பல் வெட்டச் சொல்பவர்கள் உண்டு. வேண்டுமானால் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். வலக்கைக்காரர் என்றால் எந்தப் பக்கம் அறுக்க வசதி என்று அட்டையைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். மணலில் மட்டும் வேலை என்றால் பல் வீண், துணியையும் பையையும்தான் கிழிக்கும்.

கைப்பிடிக்கு ஒரு இஞ்ச் பைப், 2 மி.மீ. தடிமன், 17 செ.மீ. நீளம். அதில் 5 செ.மீ. அலகின் குழிவுக்குள் ஏறிப் படியும். உங்கள் கைக்கு 12 செ.மீ. மிஞ்சும். பெரிய கை என்றால் கூட்டிக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்து எடை 400 முதல் 450 கிராம் வரும். இதற்கு மேல் போனால் ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு சொல்லும்.

இந்த அளவில் தடித்த அட்டையை வெட்டி, கைப்பிடிக்குப் பதில் ஒரு குச்சியைக் கட்டி, தரையில் மண்டியிட்டுப் பிடித்துப் பாருங்கள். விரல் முட்டி தரையில் இடிக்கிறதா? இடித்தால் கைப்பிடியை அலகிலிருந்து ஒரு பத்து டிகிரி மேலே தூக்கச் சொல்ல வேண்டும். அட்டையில் பார்க்கச் செலவு கிடையாது, எவர்சில்வரில் பார்த்தால் செலவு.

பட்டறையில்

தண்டையார்பேட்டையில் நான் வேலை கொடுக்கும் பட்டறை அண்ணனிடம் முதல் தடவை அட்டையை நீட்டியபோது, "இன்னா சார், களை எடுக்கவா?" என்றார்.

"இல்லண்ணே, மண்ல காசு தேட."

சிரிக்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாக்பீஸை எடுத்து, கைப்பிடியும் அலகும் சேருகிற இடத்தில் ஒரு வட்டம் போட்டார். "கூரு கீரெல்லாம் அப்பாலிக்கா பாத்துக்கலாம் சார். நீ நெம்புனா இங்கதான் ஒடையும். இத்த எப்படிப் புடிக்கணும்னு மொதல்ல பேசலாம்."

இந்த வேலையின் உயிர்நாடி அந்த வட்டம்தான். அலகின் மேல் விளிம்பில் பைப்பை முட்டுக்கொடுத்துச் சுற்றிலும் பற்றவைத்துத் தந்தால் பார்வைக்கு அழகாக இருக்கும். நெம்புகிற விசை முழுவதும் அந்த ஒரே வளையத்தில் விழுந்து விரிசல் விடும். பைப்பின் கடைசி 5 செ.மீ.யைத் தட்டிச் சப்பையாக்கி, அலகின் குழிவுக்குள் படிய வைத்து, இரு பக்கமும் நீளவாக்கில் பற்றவைக்கச் சொல்லுங்கள். அப்போது விசை 5 செ.மீ.க்குப் பரவும். பின்பக்கத்தில் சின்ன முக்கோணத் தாங்கல் ஒன்று வைத்தால் கட்டைவிரலை ஊன்றவும் ஆகும்.

வெல்டிங் ஆர்கானில்தான் நடக்க வேண்டும். சேர்க்கும் கம்பி 304க்கு 308எல், 316க்கு 316எல். சில இடங்களில் அவசரத்துக்குச் சாதாரண இரும்புக் கம்பியால் ஒட்டிவிட்டு மேலே பஃப் அடித்து, அதாவது தேய்த்துப் பளபளப்பாக்கி, கொடுத்துவிடுவார்கள். ஒரு மழைக்காலம் தாண்டினால் பற்றவைத்த கோடு மட்டும் துருப்பிடித்து நிற்கும். காந்தம் உதவுவது இங்கேதான். பற்றவைப்பின் மேல் சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். 308எல் என்றால் லேசாக இழுப்பது போல் இருக்கும், அது இயல்பு. கவ்விக்கொண்டு நின்றால் கேள்வி கேளுங்கள்.

கைப்பிடியின் பின்முனையை மூடச் சொல்வீர்கள். அப்போது ஒரு ஊசித்துளை விடச் சொல்ல மறக்காதீர்கள். இரு முனையும் அடைபட்ட குழாயில் காற்று சூடேறி விரியும். கடைசிப் புள்ளியை மூடும் நேரத்தில் உருகிய உலோகத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே பீய்ச்சும். அனுபவசாலி இதைத் தானே செய்வார். வேலை முடிந்ததும் அந்தத் துளையை ஒரு புள்ளி வைத்து அடைக்கலாம். அடைக்காமல் விட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிடும். மூடியில் கயிறு கோக்க ஒரு வளையமும் வைத்துக்கொள்ளுங்கள்.

அரைக்கும் கல்லும் கம்பித் தூரிகையும் எவர்சில்வருக்கென்று தனியாக வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இரும்பு கேட்டைத் தேய்த்த அதே தூரிகையால் இதைத் தேய்த்தால் இரும்புத் துகள் பதிந்து, நல்ல 304ம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். பழி உலோகத்தின் மேல் விழும். எவர்சில்வர் தூரிகை ஒன்றை நீங்களே வாங்கிக்கொண்டு போய்விடுங்கள், யாரோடும் வாக்குவாதம் வேண்டாம்.

பஃப் அடிக்கவா என்று கேட்பார்கள். அலகுக்கு வேண்டவே வேண்டாம். கண்ணாடி மாதிரி மின்னும் அலகில் வெயில் பட்டுக் கண் கூசும். ஓரத்துப் பிசிறை மட்டும் நன்றாக எடுக்கச் சொல்லுங்கள். வெட்டும் விளிம்பை உட்பக்கமிருந்து ஒரு பக்கமாகச் சாய்த்துத் தீட்டினால் போதும். சமையல் கத்திக் கூர்மை தேவையில்லை.

வாங்கும் முன்னால்

பற்றவைத்த இடத்தின் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறம், பொன்னிறம் என்றால் சரி. நீலம் பரவாயில்லை. கருஞ்சாம்பல் நிறத்தில் பொறுபொறுப்பாக இருந்தால் சூடு மிஞ்சிவிட்டது, ஆர்கான் போதவில்லை என்று அர்த்தம். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். அப்புறம் பட்டறை வாசலில் இருக்கும் கெட்டி மண்ணில் 10 செ.மீ. குத்தி, பக்கவாட்டில் உடம்பு எடையைக் கொடுத்து நெம்புங்கள். அவர் முன்னாலேயே செய்யுங்கள். மடங்கினால் அங்கேயே திருத்தித் தருவார்.

வீட்டில் ஒரு குளியல்

எவர்சில்வர் துருப்பிடிக்காததற்குக் காரணம், அதன் குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே போர்த்திக்கொள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். அரைத்ததிலும் பற்றவைத்ததிலும் அந்தப் படலம் அங்கங்கே கிழிந்திருக்கும். அதைச் சீக்கிரம் வளரவைக்க எலுமிச்சை உப்பு போதும், அதாவது சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் கேட்டால் கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் கரையுங்கள். கை பொறுக்காத சூடு இருக்கட்டும், கொதிக்க வேண்டாம். முதலில் சோப்பால் கொத்தின் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிட்டு, பிளாஸ்டிக் பக்கெட்டில் அரை மணி நேரம் மூழ்க வையுங்கள். எடுத்து நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துக் காய விடுங்கள். பதிந்த இரும்புத் துகளும் இதில் கரைந்து போகும்.

கழிவறை கழுவும் ஆசிட்டோ பிளீச்சிங் பவுடரோ கிட்டேயே வரக் கூடாது. இரண்டிலும் உள்ள குளோரின் சேர்மங்கள் அந்தப் படலத்தைத் துளைத்து ஊசிக் குழிகள் போடும். பட்டறைகளில் பற்றவைப்புக் கறை எடுக்கப் பசை ஒன்று தடவுவார்கள். அதில் இருக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலுக்குள் இறங்கிப் போகிற சாமான். அதை வீட்டுக்குக் கேட்டு வாங்கி வராதீர்கள்.

கைப்பிடியில் சைக்கிள் டியூப்பை நறுக்கி இழுத்து மாட்டினால் நல்ல பிடி. மேலே ஒரு ஆரஞ்சு நிற டேப் சுற்றுங்கள். கொத்தை மண்ணில் செருகிவிட்டுக் குழியைப் பார்த்துக்கொண்டே நாலடி நகர்ந்தால், வெள்ளி நிறக் கைப்பிடி வெயிலில் எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருக்கும்.

கடற்கரைக்காரர்களுக்குச் சல்லடை

மணலுக்கான கருவி, வீட்டு ஜல்லிக்கரண்டியைக் குடம் அளவுக்குப் பெரிதாக்கினால் எப்படியோ அப்படி. 15 செ.மீ. விட்டம், 25 செ.மீ. நீளத்தில் ஒரு உருளை, முன்வாய் சாய்வாக வெட்டியிருக்கும், உடம்பெல்லாம் துளை.

துளை அளவில்தான் விவாதம். இன்றைய ஒரு ரூபாய் நாணயம் ஏறத்தாழ 22 மி.மீ.; 1988இல் வந்த எவர்சில்வர் 10 பைசா 16 மி.மீ. 12 மி.மீ. துளை வைத்தாலும் இவை விழாது, ஈர மணலும் சட்டென்று வடியும். ஆனால் நம் ஊர்க் கரையில் தொலைவது நாணயமும் மோதிரமும் மட்டுமா? மூக்குத்தி, கம்மல், திருகாணி. திருகாணி எந்தச் சல்லடையிலும் நிற்காது. 8 மி.மீ. வைத்தால் கம்மல் தங்கும், ஈர மணல் கொஞ்சம் அடைக்கும், தண்ணீரில் ஆட்டி வடிக்க வேண்டும். என் ஓட்டு 8க்குத்தான். சத்தம் கேட்டும் சல்லடையில் ஒன்றும் நிற்கவில்லை என்றால், மணலைப் பிளாஸ்டிக் பேசினில் கொட்டிக் பிடி பிடியாக டிடெக்டரின் காயிலுக்கு (அடியில் இருக்கும் வட்டத் தலைக்கு) முன்னால் காட்டுங்கள். திருகாணி அப்படித்தான் கிடைக்கும்.

துளைத் தகட்டை ரெடிமேடாக வாங்கலாம், 1.6 மி.மீ. தடிமன் போதும். முழுச் சல்லடையையும் அதிலேயே செய்தால் வாய் விளிம்பு நெளிந்துவிடும். வாயில் மட்டும் 3 செ.மீ. அகலத்துக்குத் துளையில்லாத 3 மி.மீ. பட்டை ஒன்றைச் சுற்றிப் பற்றவைக்கச் சொல்லுங்கள். நீளக் கைப்பிடிக்கு எவர்சில்வர் பைப்தான் வேண்டும் என்றில்லை. உருளையில் ஒரு குழாய்க் கூடு வைத்து அதில் கெட்டி மூங்கிலைச் செருகி போல்ட் போடலாம். எடை பாதியாகும், உடைந்தாலும் மாற்றிக்கொள்ளலாம்.

மண்ணில் இறங்கியதும்

எவர்சில்வரும் உலோகம்தான். சத்தம் கேட்ட இடத்தைச் சோதிக்கும்போது கொத்தைக் காயிலிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். குழிக்குள் பின்பாயிண்டரை (பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சிறு கைக்கருவியை) விடும்போதும் கொத்து குழியில் இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் கொத்தையே புதையல் என்று நினைத்துத் தோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் இரும்பை ஒதுக்கும் வசதியைப் போட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். நம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் எவர்சில்வர். டிடெக்டர் அவற்றைப் பெரும்பாலும் இரும்பு என்று சொல்லும், அல்லது திரையில் எண் நிலையில்லாமல் தாவும். அந்த வசதியைப் போட்டால் பாதி நாணயங்களை நீங்களே மிதித்துக்கொண்டு போவீர்கள். கரையோரக் கருமணல் இருக்கும் இடத்தில் கருவி காரணமில்லாமல் கத்தும். உணர்திறனைக் குறைத்து, அந்த இடத்து மண்ணுக்கு ஏற்பச் சமன் செய்துகொள்ளுங்கள்.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் அருமையான சத்தம் கேட்டுத் தோண்டினால் பெரும்பாலும் வலையின் ஈயக் குண்டு வரும். அதையும் எடுத்துப் பையில் போடுங்கள், மணலில் ஈயம் கிடக்க வேண்டாம். கூடவே தூண்டில் முள் இருக்கும். தடித்த கையுறை இல்லாமல் குழிக்குள் விரலை விடாதீர்கள், டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடமாகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். கனமான, துருவேறிய, உருளை வடிவ இரும்பு எதுவும் தட்டுப்பட்டால் நெம்பாமல் விலகி காவல்துறைக்குச் சொல்லுங்கள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு வீசிய ஊர் இது. எல்லாம் வெடித்துத் தீர்ந்தது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

புல் உள்ள தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நாலாவது பக்கத்தை வேரோடு விட்டு, மூடி திறப்பது போலத் திறங்கள். மண்ணை ஒரு துணியில் கொட்டுங்கள். முடிந்ததும் துணியோடு குழியில் கவிழ்த்து, புல்லை மூடி, மிதித்துவிடுங்கள். இடத்துக்காரர் மறுபடி உள்ளே விடுவதும் விடாததும் இதில்தான் இருக்கிறது.

முனை மடங்கினால்

மடங்கும், அது 304இன் குணம். சூடேற்றாமல், ஒரு தண்டவாளத் துண்டின் மேல் வைத்துச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி நிமிர்த்துங்கள். தட்டத் தட்ட அந்த இடம் கொஞ்சம் இறுகும், நல்லதுதான். ஆனால் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் மடங்கிக்கொண்டே இருந்தால் விரிசல் விடும். அப்படி ஆனால் முனையில் ஒரு செ.மீ. அரைத்து எடுத்துவிட்டுப் புது முனை தீட்டச் சொல்லுங்கள். கைப்பிடி மூட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அதே ஆர்கான் பட்டறைக்கே கொண்டு போங்கள். விரிசலை முழுக்க அரைத்துத் திறந்துவிட்டுத்தான் மறுபடி பற்றவைக்க வேண்டும், மேலோடு ஒரு கோடு இழுத்துத் தந்தால் வாங்காதீர்கள். முனையைக் குறைத்துக் குறைத்து அலகு 14 செ.மீ.க்குக் கீழே வந்துவிட்டால், மூன்றாக அறுத்த பைப்பில் மீதித் துண்டு யாரிடம் இருக்கிறது என்று நண்பர்களுக்கு ஒரு போன் போடலாம்.